சும்மா கிடைத்த ஒரு மணி நேரம்

"தம்பிய எடு! மொதல்ல தம்பிய எடுடி வின்னி!"

அம்மா கத்துவது கேட்டது. தம்பி எந்தப் பக்கம் இருக்கிறான் என்றுதான் வின்னிக்குத் தெரியவில்லை. படகு மணல்திட்டில் அடித்துப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இதுவரை சுவராக இருந்தது இப்போது காலடியில் இருந்தது. முழங்கால் வரை தண்ணீர். அதில் இஞ்சி பிஸ்கட் டப்பாவும் ஒற்றை ரப்பர் பூட்ஸும் பீன்ஸ் வேகவைத்த பாத்திரமும் மிதந்தன. எங்கு பார்த்தாலும் ரம் வாடை. அடுத்த அலை வந்து படகைத் தூக்கிக் கீழே போட்டது. பலகைகளுக்குள் எங்கோ ஒன்று முறிகிற சத்தம் அவள் பல்லுக்குள் கேட்டது.

"ஓட்டிஸ்! டேய், எங்கடா இருக்க?"

"இங்க," என்றான். ஏழு வயதுக்காரனின் குரல் மாதிரியே இல்லை, பூனைக்குட்டி மாதிரி இருந்தது. முன்புறப் படுக்கையில் உருண்டு விழாமலிருக்கக் கட்டிய துணிக்குள், கட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தான். ஈரமான முடிச்சு அவிழ மறுத்தது. வின்னி பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோதுதான் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து வராததற்குக் காரணம் இருந்தது. தையல் மெஷின் கட்டு அறுந்து விழுந்திருந்தது. பாய்த்துணி தைக்கிற இரும்பு மெஷின், இரண்டு ஆள் தூக்க வேண்டியது. அதற்கும் அலமாரிக்கும் நடுவில் அம்மாவின் வலது கை இருந்தது.

"என்னப் பாக்காத. மேல போ," என்றாள் அம்மா. "ஹார்லன்! புள்ளைங்கள வாங்கு!"

அப்பா மேலே ரேடியோவைப் பிடித்துக்கொண்டு படகின் பெயரையும் இடத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹேஸல். ஹேஸல். பார்னகாட் கழிவாய், தெக்குத் திட்டு. நாலு பேர். ரெண்டு புள்ளைங்க."

கரைக்காவல் படகு இருபது நிமிடத்தில் வந்தது. அந்த இருபது நிமிடத்தில் அப்பா கீழே இறங்கி, துடுப்புக் கட்டையை நெம்புகோலாக வைத்து மெஷினைத் தூக்கினார். அம்மா கத்தவில்லை. வெளியே வந்த கையைப் பார்த்துவிட்டு, யாருடையதோ மாதிரி அதைத் துண்டால் சுற்றிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் 'ஹேஸல்' உடைந்து போனது. அதுதான் அவர்கள் வீடு. கரையில் வேறு வீடு கிடையாது.

*

ஒவ்வொரு வருஷமும் இலை பழுக்கிற காலத்தில் அவர்கள் தெற்கே கிளம்பிவிடுவார்கள். வடக்கே மேயினில் கோடை முழுக்க அப்பா படகுப் பட்டறையில் எஞ்சின் பிரிப்பார், அம்மா படகுகளுக்குப் பாய் தைப்பாள். அக்டோபரில் காலையில் தளத்தில் உறைபனி பிடித்து வழுக்கத் தொடங்கும். அப்போது கயிற்றை அவிழ்த்தால், துறை துறையாக இறங்கி, டிசம்பருக்குள் புளோரிடா. அங்கே குளிர்காலம் முழுக்க அதே எஞ்சின், அதே பாய். கழிமுகங்களில் இவர்களைப் போல ஐம்பது அறுபது படகுகள் இறங்கும். மேலே வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு போகும். "அதுங்களுக்கு வாடகையும் இல்ல, டீசலும் இல்ல" என்பார் அப்பா, வருஷா வருஷம், முதல் கூட்டத்தைப் பார்த்ததும்.

இந்த வருஷம் எல்லாமே தாமதம். எஞ்சினில் ஒரு பம்ப் போய், அதற்குப் பாகம் வர மூன்று வாரம். புளோரிடாப் பட்டறைக்காரன் பதினைந்தாம் தேதிக்குப் பிறகு இடம் பிடித்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

தாமதத்தைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அப்பா கடைசியாகக் குடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் நார்ஃபோக் துறையில் குடித்துவிட்டு, நங்கூரம் சரியாகப் போடாமல் தூங்கிப்போய், படகு நகர்ந்து பாலத்துத் தூணில் இடித்தது. அன்றைக்கு அம்மா சொன்னாள், "இன்னொரு தடவ பயணத்துல குடிச்சன்னா, அடுத்த துறையில நானும் புள்ளைங்களும் எறங்கிடுவோம். திரும்பி வரமாட்டோம். நான் சத்தம் போட்டுச் சொல்லல பாத்தியா? அப்போ நெசம்னு புரிஞ்சுக்கோ." அதற்குப் பிறகு படகில் இருந்த ஒரே பாட்டில், பழக் கேக்கில் ஊற்ற அம்மா வைத்திருந்த ரம்தான். அதை ஒளித்து வைப்பது அப்பாவை அவமானப்படுத்துவது என்று சொல்லி, சமையல் அலமாரியிலேயே பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நியூயார்க்குக்கு வெளியே, சாண்டி ஹூக் மணல்முனைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். குளிர்ந்த வாடைக்காற்று முதுகில் தள்ளியது. தெற்கே போகிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! பக்கத்துப் படகிலிருந்து டக்கர் ரேடியோவில் வந்தார். எழுபது வயது, தனியாள், எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைப்பார்.

"ஏய் ஹார்லன், நங்கூரம் தூக்குற மாதிரி தெரியுதே?"

"தூக்கிட்டேன் பெருசு. வாடை நல்லாருக்கு."

"இந்த வாடை சிரிச்சுக்கிட்டே வர்ற மச்சினன் மாதிரிடா. எப்ப மொகம் திரும்பும்னு சொல்ல முடியாது. கீழ கேப் மே வரைக்கும் கரைக்குள்ள நொழையறதுக்கு உருப்படியா ஒரு கழிவாய் கெடையாது. நான் திங்கக்கெழம வரைக்கும் இங்கதான்."

"ஒனக்கு பென்ஷன் வருது. எனக்கு பதினஞ்சாந்தேதி வருது."

"சரி சரி, ரொவீனாவ கேட்டதா சொல்லு. கேக்குல ஒரு துண்டு எனக்கு எடுத்து வைக்கச் சொல்லு."

"ஒனக்கு பல்லே இல்லயே," என்று கீழேயிருந்து அம்மா கத்தினாள். டக்கர் சிரிப்பது ரேடியோவில் கரகரத்தது.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு அம்மா பீன்ஸும் சோளரொட்டியும் கொடுத்தாள். எட்டு மணிக்குக் காற்று மெல்லக் கிழக்கே சாய ஆரம்பித்தது. வாடை கிழக்குக் கொண்டலோடு சேர்ந்துவிட்டால் அந்தக் கரையில் கடல் ஏறும். ஓட்டிஸ் சாப்பிட்டதை எல்லாம் வாந்தி எடுத்தான், பிறகு குடித்த தண்ணீரையும் எடுத்தான்.

"பார்னகாட்டுக்குள்ள போயிடலாம் ஹார்லன்," என்றாள் அம்மா.

"அந்தக் கழிவாய் லேசுப்பட்டதில்ல ரோ. வெளிய இருந்து அல வரும். உள்ள இருந்து தண்ணி வத்தமா எறங்கிச்சுன்னா ரெண்டும் மோதிக்கிட்டு சுவர் மாதிரி நிக்கும்."

"அப்ப எப்பத்தான் நொழைய முடியும்?"

"ஏத்தம் முடிஞ்சு வத்தம் தொடங்குறதுக்கு முன்னாடி தண்ணி சும்மா நிக்கும்ல, அப்ப. அர மணி நேரம் கெடைக்கும். விட்டா அவ்ளோதான், வெளியவே கெடக்கணும்." பிறகு கீழே குனிந்து, "கேப்டன் வின்னி! காலைல தண்ணி எப்ப நிக்குது, பாத்துச் சொல்லுங்க மேடம்!"

கடல் ஏறி இறங்குகிற ஓதக் கணக்கு அவளுடைய வேலை. பதின்மூன்று வயதிலிருந்து அவள்தான் பார்க்கிறாள், இப்போது பதினாறு. அவர்களிடம் இருந்தது பழைய மாதிரி அச்சடித்த அட்டவணை. அதில் எல்லா நேரமும் குளிர்கால மணியில்தான் இருக்கும். கோடையில் ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்வதால், மார்ச்சிலிருந்து ஒவ்வொரு நேரத்தோடும் ஒன்றைக் கூட்ட வேண்டும். அட்டை மேலே அப்பா சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ஒண்ணு கூட்டு. எட்டு மாதமாகக் கூட்டிக் கூட்டி, அவள் கை தானாகவே கூட்டும். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் எட்டு நாற்பது என்று இருந்தது. பென்சிலால் சுவர்ப்பலகையில் பெரிதாக எழுதினாள்: 9.40.

வழக்கமாக அப்பா இறங்கி வந்து, கட்டத்தில் விரலை வைத்து, தானும் ஒரு தடவை கூட்டிப் பார்ப்பார். "நம்பலன்னு இல்லடி. கடலு ஒன்ன நம்பாது, அதுக்குத்தான்" என்பார். அன்றைக்கு அவர் மேலே சுக்கானில் இருந்தார். பிறகு பார்ப்பார் என்று அவள் நினைத்தாள்.

ஒரு மணி வாக்கில் கழிவாய்க்கு வெளியே வந்து, பாயைக் குறுக்கே மடக்கிப் படகை நிறுத்தி வைத்தார்கள். விடிந்து தண்ணீர் நிற்கிற வரைக்கும் அப்படியே ஆடிக்கொண்டு கிடக்க வேண்டும். நாலு மணி வரை அப்பா காவல், பிறகு அம்மா. மூன்று மணிக்கு வின்னி எழுந்தாள். சமையல் அலமாரி முன்னால் அப்பா குந்தியிருந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது.

"என்னப்பா?"

"பிஸ்கட்," என்றார். கையில் ஒரு இஞ்சி பிஸ்கட் இருந்தது. "குளிருதுடி. போய்ப் படு."

அவ்வளவுதான் அவள் பார்த்தது.

பிறகு அம்மா காவலுக்கு மாறினாள். வின்னி பாதித் தூக்கத்தில் கிடந்தாள். சுவரில் இருந்த பித்தளைக் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவு திறக்கிற கிரீச் சத்தம் கேட்டது. கைப்பேசிகள் சார்ஜ் இல்லாமல் ஒரு பைக்குள் கிடந்தன. அந்தப் படகில் மணி என்றால் அந்தக் கடிகாரம்தான். அம்மா ஓட்டிஸின் வாயில் கரண்டியால் தண்ணீர் விட்டபடி சொன்னாள், "இன்னிக்கு நவம்பர் மொத ஞாயிறுடா கண்ணு. அரசாங்கம் எல்லாருக்கும் ஒரு மணி நேரம் சும்மா குடுக்குது. அம்மா அத ஒனக்குக் குடுத்துட்டேன். தூங்கு."

வருஷா வருஷம் அம்மா செய்கிற வேடிக்கைதான். வின்னி கண்ணை மூடியபடியே சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

*

எட்டரைக்கு எல்லாரும் விழித்திருந்தார்கள். வானம் ஈயம் மாதிரி இருந்தது. ஓட்டிஸின் உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது.

"நாக்கு காஞ்சு போச்சு ஹார்லன். இனிமே தாங்கமாட்டான்."

"ரோ, தண்ணி நிக்காம நொழைய முடியாது." அப்பா தூரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தன மணிக்குடி?"

"ஒம்போது நாப்பது," என்றாள் வின்னி.

அவர் கீழே இறங்கவில்லை. அட்டவணையைக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஒன்பதரைக்கு எஞ்சினைப் போட்டார். பித்தளைக் கடிகாரம் ஒன்பது நாற்பதைக் காட்டியபோது வாய்க்கு நேரே இருந்தார்கள். முன்னால் வெள்ளையாகத் தெரிந்தது.

"நொர இருக்கே," என்றாள் அம்மா.

"ராத்திரி அடிச்ச காத்தோட மிச்சம். தண்ணி நின்னுருச்சுல்ல, ஒண்ணுமில்ல." ஆனால் அவர் தாடை இறுகியிருந்தது. "நேரம் சரிதான?"

"சரிதாம்பா."

முதல் அலை பின்னாலிருந்து தூக்கியது. இரண்டாவது தூக்கியபோது, முன்னாலிருந்து இறங்கி வந்த தண்ணீர் படகின் மூக்கைப் பிடித்து நிறுத்தியது. தண்ணீர் நிற்கவில்லை. ஆறு மாதிரி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது அலையில் சுக்கான் அப்பா சொன்னதைக் கேட்கவில்லை.

*

ஊர் ஆஸ்பத்திரியில் வின்னிக்கு யாரோ ஒரு சாம்பல் நிறப் போர்வை கொடுத்தார்கள். ஓட்டிஸுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவன் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அம்மாவின் கையில் இரண்டு விரலை எடுத்தாகிவிட்டது. மூன்றாவது நிற்குமா என்று நாளைக்குத்தான் தெரியும். "தையல் வேலையா பண்றீங்க?" என்று டாக்டர் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பக்கம் பார்த்தார்.

காப்பாற்றிய படகில் இருந்த இளைஞன் ஒருவன் நடைபாதையில் இன்னொருவனிடம் மெதுவாகத்தான் சொன்னான். "உள்ள ஏறுனதும் குப்புனு ரம் வாடை. வத்தம் ஒரு மணி நேரமா எறங்குது, இந்த ஆளு நேரா உள்ள விடுறான். வேற என்னவா இருக்கும்?"

கதவு திறந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்டது.

அப்பா உள்ளே வந்தார். அம்மா அவர் கோட்டை இடது கையால் பிடித்து இழுத்து மோந்து பார்த்தாள்.

"குடிச்சியா?"

"இல்ல ரோ. கேக்கு பாட்டில் ஒடஞ்சு படகு பூரா கொட்டிடுச்சு. எல்லார் மேலயும் அந்த நாத்தம்தான்."

"ராத்திரி நாலு மணி வரைக்கும் தனியா இருந்த."

"இருந்தேன்."

"குடிச்சியா?"

"இல்லன்னு சொன்னேன்ல."

"அப்ப ஏன் நொழஞ்ச? நீதான சொன்ன, அர மணி விட்டா அவ்ளோதான்னு? முப்பது வருஷமா கடல்ல கெடக்குற ஆளு. தண்ணி நிக்குதா ஓடுதான்னு ஒனக்குத் தெரியாது? கொழந்த பாத்தாக்கூடத் தெரியுமே ஹார்லன்."

அப்பா ஒரு நொடி வின்னியைப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சு," என்றார். "எனக்குப் புரியல."

"எனக்குப் புரியுது," என்றாள் அம்மா. சத்தமே இல்லை. "காலைல மேயின்ல, பேங்கர்ல இருக்குற என் அக்காவுக்கு ஃபோன் போடப்போறேன். கார் எடுத்துட்டு வருவா. ஓட்டிஸ கூட்டிட்டுப் போறேன். வின்னி வளந்துட்டா, அவளே சொல்லட்டும் யார்கூடன்னு."

"ரோ..."

"நான் சத்தம் போடல பாத்தியா?"

அப்பா வெளியே போனார்.

அப்போதுதான் வின்னி தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ராத்திரி ஒன்பது பத்து. ஈரம் காயாத சட்டைக் கையைத் தூக்கித் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று சட்டைக்கு அடியில் நேற்றிலிருந்து பார்க்கவே பார்க்காத, யாரும் திருப்பி வைக்காத பிளாஸ்டிக் கடிகாரம். பத்து பத்து.

நின்றுபோயிருக்கும் என்று நினைத்தாள். காதில் வைத்துக் கேட்டாள். ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு நாற்பது. ஒண்ணு கூட்டு. ஒன்பது நாற்பது. கூட்டியது நேற்று வரை இருந்த கோடை மணிக்கு. அம்மா கடிகாரத்தை ஒரு மணி பின்னே திருப்பியது இன்றைய குளிர்கால மணிக்கு. தண்ணீர் எட்டு நாற்பதுக்கே நின்றிருக்கிறது. எல்லாரும் விழித்து உட்கார்ந்து, ஓட்டிஸின் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வாய் திறந்துகிடந்து மூடிவிட்டது. அம்மாவுக்குச் சுவரில் எழுதியது பழைய மணி என்று தெரியாது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், கடிகாரம் திரும்பியது அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அந்தப் படகில் ஒருத்திதான். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனவள்.

"என்னடி?" என்றாள் அம்மா. மருந்தில் கண் சொருகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"கைல ஊசி குத்துற மாதிரி இருக்கு. இல்லாத வெரல்ல."

"தூங்கும்மா."

சொல்லிவிட்டால் அம்மா எங்கும் போக மாட்டாள். ஆனால் பிறகு வாழ்நாள் முழுக்க அம்மா தன் வலது கையைப் பார்ப்பாள். கண்ணாடிக் கதவைத் திறந்து முள்ளைத் திருப்பிய விரல்கள் அவை. இருக்கிற விரலையும் பார்ப்பாள், இல்லாததையும் பார்ப்பாள். சொல்லாவிட்டால் விடிந்ததும் ஃபோன் போகும், கார் வரும். அப்பா ஒரு கோட்டும் பூட்ஸுமாக இந்த ஊரில் நிற்பார். அந்த ஒரு வருஷம் ஒன்றுமில்லாமல் போகும். அதற்குப் பிறகு அவர் குடிக்காமல் இருக்க என்ன இருக்கிறது?

அம்மா தூங்கிய பிறகு அவள் வெளியே வந்தாள். நடைபாதைக் கோடியில் பிளாஸ்டிக் பெஞ்சில் அப்பா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"அப்பா," என்றாள். "அந்த மணி..."

அவர் அசையவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் குனிந்து, அவர் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனாள். ரம் வாடை வந்தது. கோட்டிலிருந்தும் வந்தது. அவளுடைய தலைமுடியிலிருந்தும், நகத்திலிருந்தும், போர்வையிலிருந்தும் அதே வாடைதான் வந்தது. எது எங்கிருந்து வருகிறதென்று பிரிக்க முடியவில்லை.

தப்பு அவளுடையதுதான். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னொன்று வந்து குறுக்கே நின்றது. மூன்று மணிக்குத் திறந்திருந்த அலமாரிக் கதவு. கையில் இருந்த அந்த ஒரே பிஸ்கட்.

மூன்று வருஷமாக ஒரு நாள் விடாமல் அவள் எழுதிய எண்ணின் மேல் விரல் வைத்துப் பார்த்தவர், நேற்றைக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை?